கவனக்குறைவா, விதியின் குறையா?

பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்

சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிய விடைத்தாளை ஒரு முறையேனும் வாங்காத மாணவி நம் பள்ளியில் இருக்க மாட்டாள். கணக்கில் கழித்தல் குறியை விட்டுவிட்டால் கவனக்குறைவு. தமிழில் ஒற்று மிகும் இடத்தில் மிகாமல் போனால் கவனக்குறைவு. இவற்றையெல்லாம் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் சென்ற திருப்புதல் தேர்வில் எங்கள் பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே கேள்விக்கு ஒரே தவறான விடையை எழுதினோம். எல்லாத் தாள்களிலும் அதே சிவப்புச் சொல். இத்தனை பேருக்கும் ஒரே இடத்தில், ஒரே விதமாகக் கவனம் குறைந்தது எப்படி? இந்த ஐயம் எங்களுக்குள் எழுந்தது. அதைத் தேடிப் போனதில் தெரிந்தவற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

கணினிப் பாடம் படிக்காத பெற்றோருக்காகவும் அருட்சகோதரியருக்காகவும் முதலில் இரண்டு மூன்று சொற்களை விளக்கிவிடுகிறோம். கணினி ஒரு மதிப்பை நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு ஒரு பெயர் இடுகிறோம். மதிப்பு மாறிக்கொண்டே இருக்கக்கூடும் ஆதலால் அதற்கு ‘மாறி’ என்று பெயர். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது ‘மடக்கு’. காலையில் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டை விரித்து ஒவ்வொரு பெயராக அழைக்கிறாரே, அது ஒரு மடக்குத்தான். அந்த நேரத்தில் அவர் நாவில் இருக்கும் பெயர்தான் மாறி. முதலில் ஒருத்தியைக் குறித்தது அடுத்த நொடியில் இன்னொருத்தியைக் குறிக்கும். கடைசி மாணவி ‘பிரசன்ட் மிஸ்’ என்றதும் பதிவேடு மூடப்படுகிறது.

அப்போது ஒருவர் வாசலில் வந்து நின்று, “இப்போது அழைக்கப்படும் மாணவி யார்?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். என்ன விடை சொல்வது? ‘கடைசியாக அழைக்கப்பட்டவள்தான்’ என்று சிலர் சொல்லலாம். ‘அழைப்பே முடிந்துவிட்டது, அப்படி ஒருத்தி இல்லை’ என்று சிலர் சொல்லலாம். இரண்டுமே நியாயமான விடைகள். ஒரு பெயர் எங்கே பிறந்து, எதுவரை செல்லுபடியாகும் என்பதை எங்கள் பாடநூல் ‘வரையெல்லை’ என்கிறது. மடக்கின் மாறிக்கு எது வரையெல்லை என்பதில் ஒவ்வொரு கணினி மொழியும் ஒவ்வொரு முடிவு எடுத்திருக்கிறது. அதே மொழி சில ஆண்டுகள் கழித்துத் தன் முடிவை மாற்றிக்கொண்டதும் உண்டு. எங்களுக்குத் தொல்லை வந்தது இங்கேதான்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2018-இலும் 2019-இலும் வந்த புதிய பாடநூல்களின்படி, பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியையும் படிக்கிறோம். தேர்வில் வந்த கேள்விகள் இரண்டு. ‘ஐ’ என்னும் மாறியை மடக்கின் தலைப்பிலேயே அறிவித்து, 1 முதல் 5 வரை ஓடவிட்டு, மடக்கு முடிந்த பின் ‘ஐ’யின் மதிப்பை அச்சிடச் சொன்னால் வெளியீடு யாது? இது சி பிளஸ் பிளஸில். அதே வேலையைப் பைத்தானில் செய்தால் வெளியீடு யாது? நாங்கள் இரண்டுக்கும் 6 என்று எழுதினோம். முதலாவதற்குச் சரியான விடை ‘பிழை’. நிரல் ஓடவே ஓடாது. இரண்டாவதற்குச் சரியான விடை 5.

எங்கள் 6 ஏதோ குருட்டாம்போக்கில் வந்த எண் அன்று. ‘ஐ’ ஐந்தாகி, வேலை முடிந்து, ஒன்று கூடி ஆறாகிறது. ஆறு ஐந்துக்குள் அடங்குமா என்று கணினி பார்க்கிறது. அடங்கவில்லை, மடக்கு நிற்கிறது. ஆகவே நிற்கும்போது கையில் இருப்பது ஆறு. மாறியை மடக்குக்கு வெளியே, முன்னதாகவே அறிவித்திருந்தால் சி பிளஸ் பிளஸில் இதுவே சரியான விடை. தலைப்புக்குள் அறிவித்ததால் மடக்கு முடிந்ததும் பெயரும் முடிந்துவிடுகிறது. பைத்தானில் கதை வேறு. அங்கே ஒன்று கூட்டி, எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று சோதிக்கும் வழக்கமே இல்லை. ஒரு வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாறியின் கையில் கொடுக்கிறது. ஐந்தைக் கொடுத்தபின் வரிசையில் ஒன்றும் மிச்சமில்லை. ஆறு என்ற எண் அங்கே பிறக்கவே இல்லை. மடக்கு முடிந்த பிறகும் பெயர் உயிரோடு இருப்பதால் 5 அச்சாகிறது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. வரிசை காலியாக இருந்தால், அதாவது பதிவேட்டில் ஒரு பெயர்கூட இல்லாவிட்டால், பைத்தானில் அந்த மாறி பிறப்பதே இல்லை. அதற்கு முன் அந்தப் பெயரை எங்கும் பயன்படுத்தவில்லை என்றால், மடக்குக்குப் பின் அதைக் கேட்டதும் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று நிரல் நின்றுவிடும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய நிரல் விடுமுறை நாளில் மட்டும் விழுவதுபோல.

பாடநூலில் வரையெல்லைக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. உள்ளமை, முழுதளாவிய என்ற வகைகளை நாங்கள் ஒப்பிப்போம். நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அந்த எடுத்துக்காட்டுகள் செயற்கூறுகளைப் பற்றியவை. செயற்கூறு தன் பெயர்களைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும்; பைத்தானில் மடக்கு அப்படிப் பூட்டுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் பாதித் தாள்களில் சிவப்பு மை பட்டிருக்காது.

இனி எங்கள் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். எண்ணூரிலிருந்து ரயிலில் வருகிறவள். அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுக வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் இரவெல்லாம் வண்டியிலேயே கழித்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்களில் அவளைப்போல் நிதானமாகப் படிப்பவள் இல்லை. தேர்வுக்கு முன் அவள் அக்காவின் பழைய கல்லூரிக் குறிப்பேட்டையும் எடுத்துப் படித்திருக்கிறாள். அதில் இதே நிரல் இருந்தது. விடை 6 என்று அக்கா ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தே எழுதியிருந்தாள். இவளும் 6 என்று எழுதினாள். மதிப்பெண் போயிற்று, அந்தச் சொல்லும் வந்தது. தாளைப் பார்த்த அப்பா, “ஏம்மா, நல்லா பாத்து எழுதக் கூடாதா?” என்று மட்டும் கேட்டாராம். “பாத்துத்தாம்பா எழுதினேன்” என்றாள். கணினி வேண்டாம், கல்லூரியில் வணிகவியலே எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

அக்கா பொய் எழுதவில்லை. அவள் ஓட்டிப் பார்த்தது டர்போ சி பிளஸ் பிளஸ், அந்த நீலத் திரை மென்பொருள். போர்லாண்டு நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. நம் நாட்டுக் கல்லூரிகளில் வெகு காலம் அதுவே ஆட்சி செய்தது. அது பிறந்தபோது சி பிளஸ் பிளஸ் மொழியின் வழக்கமே வேறு. மடக்கின் தலைப்பில் அறிவித்த மாறி, மடக்கு முடிந்த பிறகும் வெளியே உயிர் வாழும். அதனால் அடுத்தடுத்து இரண்டு மடக்குகளில் ‘ஐ’யை அறிவித்தால் ‘ஒரே பெயரை இரு முறை அறிவித்தாய்’ என்று டர்போ சண்டைக்கு வரும். 1998-இல் மொழிக்கு உலகத் தரம் வகுத்தபோது விதியை மாற்றினார்கள். மாறி மடக்கோடு முடியவேண்டும் என்றார்கள். தரம் வருமுன் வந்த மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? டர்போ தன் பழைய விதியிலேயே நின்றது. நாங்கள் பயன்படுத்தும் தேவ் சி பிளஸ் பிளஸ் புதிய விதிப்படி நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க நாங்கள் நூலகத்தைப் புரட்டவில்லை. அந்த நிரலைத் தேவ் சி பிளஸ் பிளஸில் தட்டச்சு செய்து ஓட்டினோம். வந்த பிழைச் செய்தியின் கருத்து இது: ‘ஐ’ என்னும் பெயரைத் தேடும் முறை, மடக்கு வரையெல்லைக்கான உலகத் தரத்துக்கு ஏற்ப மாறிவிட்டது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விதி மாறியது என்று கணினியே ஒப்புக்கொள்கிறது. விடைத்தாள் மட்டும் எங்களைக் கவனம் இல்லாதவர்கள் என்கிறது!

சரி, இது பள்ளிப் பிள்ளைகளின் தடுமாற்றம், பெரியவர்கள் இப்படியெல்லாம் தவற மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அதைச் சொல்லுமுன் காசிமேட்டுக்கு ஒரு நடை போய்வருவோம்.

விடியற்காலையில் படகுகள் கரை சேர்ந்ததும் கூடை கூடையாக மீன் ஏலம் போகிறது. விலையைக் குறித்துக்கொள்ள இரண்டு வழிகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று, ஏலக்காரரிடம் ஒரே சிலேட்டு. ஒவ்வொரு கூடைக்கும் பழைய விலையை அழித்துப் புதிய விலையை எழுதுகிறார். கூடை தூக்கும் பையனிடம், “விலை சிலேட்டில் இருக்கிறது” என்று சொல்லி அனுப்புகிறார். இரண்டு, ஒவ்வொரு கூடைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கூடையிலேயே செருகிவிடுகிறார். பையன்கள் உடனுக்குடன் பார்த்தால் சிலேட்டும் சரியான விலையையே காட்டும். ஆனால் ஏலம் முழுதும் முடிந்த பிறகு எல்லாரும் வந்து சிலேட்டைப் பார்த்தால்? அங்கே இருப்பது கடைசிக் கூடையின் விலை ஒன்றுதான். வஞ்சிரக் கூடைக்கும் நெத்திலிக் கூடைக்கும் ஒரே விலை! கூடைகள் எல்லாமே இருக்கின்றன, ஏலமும் ஒழுங்காகத்தான் நடந்தது. கணக்கு மட்டும் பாழ்.

மடக்கின் மாறியும் இப்படித்தான். சுற்றுக்குச் சுற்று ஒரே மாறியை அழித்து எழுதும் மொழிகள் சிலேட்டு வகை. ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி தரும் மொழிகள் சீட்டு வகை. 2009-இல் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘கோ’ என்னும் மொழி முதலில் சிலேட்டு வகையாக இருந்தது. (நம் தமிழில் அரசனைக் குறிக்கும் கோ அன்று இது; ‘போ’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்.) லெட்ஸ் என்கிரிப்ட் என்றொரு அமைப்பு இணையதளங்களுக்குக் கட்டணமின்றிப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்குகிறது. வங்கித் தளத்திலோ தேர்வு முடிவுத் தளத்திலோ நாம் தட்டும் விவரங்கள் இடைவழியில் பிறர் கையில் சிக்காமல் காப்பவை இத்தகைய சான்றிதழ்கள். ஒரே சான்றிதழில் பல தளப் பெயர்கள் இருக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் சான்றிதழ் வழங்க அந்த அமைப்புக்கு அனுமதி உண்டா என்று சரிபார்ப்பது விதி.

லெட்ஸ் என்கிரிப்டின் மென்பொருள் கோ மொழியில் எழுதப்பட்டது. சில வேளைகளில் இந்தச் சோதனையை மறுபடியும் செய்ய நேரும். அப்போது ஒவ்வொரு பெயரையும் எடுத்துச் சொல்லாமல், மடக்கின் மாறி இருக்கும் இடத்தை, அதாவது சிலேட்டைச் சுட்டிக்காட்டி அனுப்பிவிட்டது நிரல். பத்துப் பெயர்கள் இருந்தால் பத்தையும் சோதிக்காமல் ஒரே பெயரைப் பத்து முறை சோதித்தது. 2019 ஜூலையில் நுழைந்த பிழை 2020 பிப்ரவரி 29 அன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30,48,289. அத்தனையையும் செல்லாதவை ஆக்கவேண்டும் என்று அறிவித்து, உலகெங்கும் தளங்களை நடத்துவோர் அவசர அவசரமாகப் புதுச் சான்றிதழ் வாங்கினார்கள். குறித்த கெடுவுக்குள் 17 லட்சத்துக்கு மேல் மாற்றப்பட்டன. இந்தப் பிழையைச் செய்தவர்கள் தேர்ந்த வல்லுநர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்த பிறகும் நழுவியது.

எங்களை மிகவும் கவர்ந்தது இதற்குப் பின் நடந்ததுதான். கோ மொழியை நடத்துவோர் பல ஆண்டுகளாக, ‘இந்த இடத்தில் கவனமாக இருங்கள்’ என்று தங்கள் கேள்வி-பதில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அனுபவசாலிகள் ‘ஐ’யை ‘ஐ’ என்றே மறுபடி அறிவிக்கும் விநோதமான ஒரு வரியை மடக்குக்குள் சேர்த்து, தாங்களாகவே சீட்டு எழுதிக்கொண்டார்கள். புதியவர்கள் ஓயாமல் விழுந்தார்கள். கடைசியில் அவர்கள் விதியையே மாற்றிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பு முதல் சுற்றுக்குச் சுற்றுப் புது மாறி. 2023 மே மாதம் தொடங்கி கூகுளின் சொந்த நிரல்களில் நான்கு மாதம் ஓட்டிப் பார்த்து, தொல்லை ஒன்றும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டே அறிவித்தார்கள். பழைய நிரல்கள் புதிய பதிப்பைத் தாங்களே கேட்டு வாங்கும்வரை பழைய விதிப்படியே நடக்கும் என்று வழியும் விட்டார்கள். சி ஷார்ப் மொழியில் 2012-இலேயே இவ்வகை மாற்றம் ஒன்று நடந்தது. ஜாவாஸ்கிரிப்ட் 2015-இல் பழைய அறிவிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றுக்குச் சுற்றுப் புது மாறி தரும் புதிய அறிவிப்பு ஒன்றைச் சேர்த்தது. பைத்தானும் 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பட்டியலுக்குள் எழுதும் குறுமடக்கின் மாறி வெளியே கசிவதை நிறுத்தியது. வழக்கமான மடக்கை மட்டும் அது மாற்றவில்லை.

மாற்றாததற்கும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஒருதலையாகப் பேசியவர்கள் ஆவோம். ஒரு பட்டியலில் எதையோ தேடுகிறோம். கிடைத்ததும் மடக்கை முறித்து வெளியே வருகிறோம். எந்த இடத்தில் நின்றோம் என்பதை மாறிதானே சொல்லவேண்டும்? அது உயிரோடு இருந்தால் வசதி. எங்கள் ஆசிரியை இதை எடுத்துச் சொன்னபோது நாங்கள் வாயடைத்துப் போனோம். ஆயினும் யோசித்துப் பார்த்ததில், அந்த வசதிக்காக மாறியை வெளியே அறிவித்துக்கொள்ளும் சி பிளஸ் பிளஸ் வழியே மேல் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ‘இந்தப் பெயர் எனக்குப் பிறகும் வேண்டும்’ என்று எழுதுகிறவளே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறாள். படிக்கிறவளுக்கு ஐயம் இல்லை. எங்களில் இருவர் மட்டும் இன்னமும் பைத்தான் கட்சி.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். எதற்கெடுத்தாலும் ‘ஐ’ என்று பெயரிடுவது எங்கள் சோம்பல். வெளி மடக்குக்கும் ‘ஐ’, உள் மடக்குக்கும் ‘ஐ’. மாறியை வெளியே ஒரே முறை அறிவித்துவிட்டு இரண்டு மடக்கிலும் அதையே ஓட்டினால், உள் மடக்கு முடியும்போது வெளி மடக்கின் கணக்கு சிதறிவிடும். சில நேரம் ஒரே சுற்றோடு நிற்கும். சில நேரம் நிற்கவே நிற்காது; ஆய்வகத்தில் கணினியை அணைத்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறோம். அதற்குக் கவனக்குறைவு என்று எழுதினால் தலைகுனிந்து ஏற்போம். மாணவி, மதிப்பெண், வரிசை என்று பொருள் தரும் பெயர் வைக்க இனிப் பழகுவதாகவும் சொல்கிறோம்.

எங்கள் கோரிக்கை பெரிதன்று. ‘வெளியீடு யாது?’ என்று கேட்கும் ஒவ்வொரு கேள்வியிலும் எந்த மொழி, எந்த மென்பொருள் என்று ஒரு சொல் சேர்க்கலாம். வரையெல்லைப் பாடம் நடக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை ஆய்வகத்துக்கு ஒதுக்கி, ஒரு கணினியில் சி பிளஸ் பிளஸ், பக்கத்துக் கணினியில் பைத்தான் என்று ஒரே நிரலை ஓட்டிப் பார்க்க விடலாம். மூவருக்கு ஒரு கணினி என்றாலும் பரவாயில்லை, பார்ப்பதற்குத்தானே. வகுப்பில் பாதிப் பேர் ஒரே தவறைச் செய்தால் திருத்துகிறவர் அடுத்த தாளை எடுக்குமுன் கேள்வியை ஒரு முறை திரும்பப் பார்க்கலாம். எங்கள் ஆசிரியை இவற்றுள் இரண்டாவதற்குச் சம்மதித்துவிட்டார். பதினொன்றாம் வகுப்புத் தங்கைகளும் அந்தப் பாடவேளைக்கு வரலாம் என்றும் சொன்னார்.

எண்ணூர்த் தோழியின் கல்லூரி விண்ணப்பப் படிவத்தில் பாடப்பிரிவுக்கான கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளில் சிவப்புச் சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘டர்போவில் 6, தேவில் பிழை’ என்று எழுதித் தந்தால், அவரிடம் அதைப் படித்துக் காட்டி விளக்கும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.